ஸ்டீபன் 1172ல சாகாம இருந்திருந்தா? பேலாவும் பைசாண்டைன் சிம்மாசனமும்

கல்வெட்டுக்கிறுக்கன்:

பைசாண்டைன் (கிழக்கு ரோமப் பேரரசு) ஆல்ட் ஹிஸ்டரின்னு, அதாவது 'இப்படி நடந்திருந்தா'ன்னு, ஆரம்பிச்சாலே எல்லாரும் நேரா தலைநகர் துருக்கர்கிட்ட விழுந்த 1453க்கு ஓடிடறாங்க, இல்லன்னா துருக்கர்கிட்ட தோத்த மான்சிகர்ட் சண்டைல ஜெயிச்சிருந்தான்னு ஒரு இழை. ரெண்டுமே எனக்கு அலுத்துப்போச்சு. ரொம்ப நாளா மண்டைல சுத்திட்டு இருக்கற ஒண்ண கொட்டிடறேன், அடிக்கறவங்க அடிக்கலாம்.

கதை தெரியாதவங்களுக்காக. 1163, கான்ஸ்டான்டினோபிள்ல மானுவேல் கொம்னெனோஸ் ஆட்சி. முதல் மனைவி பெர்தா 1159லயே இறந்துட்டாங்க, மிச்சம் ஒரே பொண்ணு மரியா, ஆண் வாரிசு கிடையாது. ரெண்டாவதா கட்டினவங்க அந்தியோக்கியா மரியா, அவங்களுக்கும் இன்னும் குழந்தை இல்ல. அப்ப ஹங்கேரி ராஜா மூணாம் ஸ்டீபனோட ஒரு உடன்படிக்கை போட்டு அவரோட தம்பி பேலாவ, பதினஞ்சு வயசு இருக்கும், கூட்டிட்டு வந்து பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி, பேர அலெக்சியோஸ்னு மாத்தி, தெஸ்போட்டீஸ்னு ஒரு பட்டம் குடுத்து பேரரசருக்கு அடுத்த இடத்துல உட்கார வச்சுட்டார். அப்புறம் பிரபுக்கள் எல்லாரையும் கூப்பிட்டு இவங்க ரெண்டு பேருக்கும் விசுவாசமா இருப்போம்னு சத்தியமும் வாங்கிட்டார்.

அப்புறம் 1169 செப்டம்பர்ல அந்தியோக்கியா மரியாவுக்கு பையன் பொறந்தான், அவனும் அலெக்சியோஸ். அவ்ளோதான், நிச்சயதார்த்தம் கேன்சல். பேலாவ சீசர் பட்டத்துக்கு இறக்கி, ராணியோட தங்கச்சி ஆக்னெஸ கட்டி வச்சாங்க. 1172 மார்ச்ல ஹங்கேரில ஸ்டீபன் இருபத்தஞ்சு வயசுல செத்துப்போக, பேலா கிளம்பி ஊருக்குப் போய் ராஜா ஆயிட்டார்.

வழக்கமா எல்லாரும் கேக்கற கேள்வி, "அந்தப் பையன் பொறக்காம இருந்திருந்தா?". நான் சொல்றது அது தப்பான கேள்வி. பையன் பொறக்கட்டும். ஸ்டீபன் சாகாம இருக்கட்டும். அதுதான் சரியான திருப்பம். ஏன்னு நாளைக்கு டைப் பண்றேன், கரண்ட் போகப்போகுது.

ராத்திரிஷிஃப்ட்:

இப்படி பாதில நிறுத்திட்டு போறவங்கள பேன் பண்ணணும்.

அரைக்காசு:

நான் பையன் பொறக்கலங்கற கட்சி. காரணம் சிம்பிள், அப்பதான் பேலா முழு பேரரசர் ஆக முடியும். ஹங்கேரியும் பைசாண்டைனும் ஒரே தலைக்குக் கீழ. டால்மேஷியா, குரோஷியா, சிர்மியம் எல்லாம் பேலா சீதனமா கொண்டு வந்த பங்கு, அதுக்கு மேல அண்ணனுக்கு வாரிசு இல்லாமப் போனதுனால மொத்த ஹங்கேரியும் வந்துடுது. ஏட்ரியாடிக் கடலோட கிழக்குக் கரை ஒரே கையில இருந்தா வெனிஸ்காரன் என்ன பண்ணுவான்? 1202ல சிலுவைப்படைய கப்பல் கடனுக்கு அடகு வாங்கி மொதல்ல எங்க விட்டான்? ஜாடார்ல. ஏன்னா ஜாடார் அவன விட்டுட்டு பேலா பக்கம் போன ஊரு. அப்படிப் பாத்தா சிலுவைப்படை கான்ஸ்டான்டினோபிளயே பிடிச்ச 1204 வரைக்கும் போற நூல் இங்கேந்துதான் தொடங்குது.

வெங்காயவடகம்:

அரைக்காசு தம்பி, அந்த கல்யாணத்த மானுவேல் நிஜமாவே சீரியஸா எடுத்துக்கிட்டாரான்னே எனக்கு சந்தேகம். பேலாவோட பங்குன்னு சொன்னீங்களே டால்மேஷியா சிர்மியம், அந்த நிலத்துக்கு ஒரு சாக்கு வேணும், பையன் அந்த சாக்கு. பையன பிடிச்சு வச்சுக்கிட்டு "எங்க மாப்பிள்ளையோட சொத்த குடு"ன்னு ஹங்கேரி மேல வருஷா வருஷம் படை அனுப்பினார், 1167 ஜூலைல சிர்மியம் பக்கத்துல பெரிய சண்டைல ஜெயிச்சு நிலத்தையும் வாங்கிட்டார். ரெண்டே வருஷத்துல பையன் பொறந்த உடனே மாப்பிள்ளைய கழட்டி விட்டாச்சு, நிலத்த மட்டும் திருப்பிக் குடுக்கல. வீட்டோட மாப்பிள்ளைன்னு கூட்டிட்டு வந்து பட்டா மட்டும் எழுதி வாங்கிட்டு அனுப்பின கதை.

கல்வெட்டுக்கிறுக்கன்:

அக்கா அது பாதி உண்மை. சாக்குக்காகன்னா சும்மா நிச்சயம் பண்ணி வச்சிருக்கலாம், பேர மாத்த வேண்டியதில்ல. அந்தப் பேருக்கு ஒரு காரணம் இருக்கு. கொம்னெனோஸ் வம்சத்துல ஒரு ஆரூடம் சுத்திட்டு இருந்துச்சு, அரசர்களோட முதல் எழுத்து வரிசையா கிரேக்கத்துல ரத்தம்னு அர்த்தம் வர்ற 'ஐமா'ங்கற வார்த்தைய எழுதும்னு. ஆல்ஃபா அலெக்சியோஸ், யோட்டா இயோயன்னிஸ், மி மானுவேல், அடுத்து மறுபடி ஆல்ஃபா. அதனால ஹங்கேரி பையனுக்கும் அலெக்சியோஸ், அப்புறம் சொந்தப் பையனுக்கும் அலெக்சியோஸ். மானுவேல் ஜாதகப் பைத்தியம், எல்லாருக்கும் தெரியும். அவ்ளோ நம்பற ஆளு அந்த எழுத்த ஒருத்தனுக்குக் குடுத்தார்னா அன்னைக்கு நிஜமாதான் குடுத்தார். பையன் பொறந்த அப்புறம் மனசு மாறிட்டார், அது வேற.

ரத்தத்துலயும் பேலா ஒண்ணும் அந்நியன் இல்ல. மானுவேலோட அம்மா பிரோஷ்கா, ஹங்கேரி ராஜா லாஸ்லோவோட பொண்ணு. பேரரசரே பாதி ஹங்கேரியன்.

இப்ப என் பாயிண்ட். பையன் பொறக்கலன்னா 1180ல பேலா பேரரசர், மனைவி மரியா. கேக்க நல்லாருக்கு. ஆனா அந்த சத்தியம் வாங்கின சபைலயே ஒருத்தர் எந்திரிச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன்னார். மானுவேலோட சித்தப்பா மகன் ஆந்த்ரோனிகோஸ். ராஜாவுக்கு இன்னும் ஆண் குழந்தை பொறக்க வாய்ப்பு இருக்கு, அப்ப இந்த சத்தியம் என்ன ஆகும், அதோட ரோமர்கள்ல ஒருத்தனுக்கும் தகுதி இல்லாத மாதிரி எங்கேந்தோ வந்த வெளியூர்க்காரன தலைக்கு மேல உட்கார வைக்கறது அவமானம் இல்லையான்னு கேட்டார். அந்தக் கால வரலாற்றாசிரியர் நிகேதாஸ் கோனியாடீஸ் எழுதி வச்சிருக்கார், மத்தவங்க சிலரும் அவர் பக்கம் சாஞ்சாங்களாம். பேலா நேரா சிம்மாசனத்துல உட்கார்ந்தா ஆந்த்ரோனிகோஸுக்கு முதல் நாளே கோஷம் ரெடி.

ஆனா பையன் அலெக்சியோஸ் உட்கார்ந்திருந்து பேலா பக்கத்துல சீசரா நின்னா? கொம்னெனோஸ் ரத்தம் நாற்காலில இருக்கு, வாள் பக்கத்துல இருக்கு. இதுதான் நான் சொல்ற கதை.

ராத்திரிஷிஃப்ட்:

சரி 1180ல நிஜமா நடந்தத யாராவது சொல்லுங்க, நான் ஃபோன்ல பஸ்ல போய்ட்டே படிக்கறேன்.

வெங்காயவடகம்:

நான் சொல்றேன், எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். 1180 செப்டம்பர் 24, மானுவேல் சாகறார். அதுக்கு முன்னாடி திருச்சபைத் தலைவர் பேட்ரியார்க் வந்து ஐயா பையனுக்கு பதினோரு வயசுதான் ஆகுது, யார் பாத்துக்கணும்னு ஒரு ஏற்பாடு பண்ணிடுங்கன்னு கெஞ்சறார். இவர் சொல்றார் எனக்கு இன்னும் பதினாலு வருஷம் ஆயுசு இருக்கு, ஜோசியர்கள் சொல்லிட்டாங்கன்னு. கடைசில ஒரு நாள் தன் கைய தானே பிடிச்சு நாடி பாக்கறார், பெருமூச்சு விடறார், தொடைல அடிச்சுக்கிட்டு துறவி உடுப்பு கொண்டு வாங்கன்றார். சாகறப்ப துறவியா சாகணும்னு வழக்கம். அவசரத்துல சரியான உடுப்பு கிடைக்கல, எங்கேந்தோ ஒரு கிழிஞ்ச கறுப்புத் துணிய எடுத்துப் போட்டா கால் மூடல, முட்டிக்குக் கீழ தெரியுது. முப்பத்தேழு வருஷம் ஆண்ட ஆளு. வாரிசுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இல்ல, தனக்கு ஒரு துணி கூட ரெடியா இல்ல.

அப்புறம் ராணி அந்தியோக்கியா மரியா ரீஜெண்ட், அதாவது சின்னப் பையன் சார்பா ஆட்சி பண்றவங்க. பேருக்கு கன்னியாஸ்திரி. அவங்க நம்பினது மானுவேலோட அண்ணன் மகன், அவரும் அலெக்சியோஸ்தான் (இந்தக் குடும்பத்துக்கு வேற பேரே தெரியாது), பட்டம் புரோட்டோசெபாஸ்டோஸ். ரெண்டு பேருக்கும் தொடர்புன்னு ஊரே பேசுச்சு. சின்ன ராஜா சிவப்பு மைல போடற கையெழுத்து மட்டும் போதாது, கீழ நான் பச்சை மைல எழுதினாதான் செல்லும்னு அந்த ஆளு உத்தரவு போட்டுட்டான். வெறுப்பு ஏறிக்கிட்டே போச்சு.

நடுக்கடல்:

அந்த பச்சை மை மேட்டர் சூப்பர் அக்கா. இப்ப எங்க ஆபீஸ்ல எல்லா ஃபைலுக்கும் ரெண்டாவது கையெழுத்து கேக்கறவர் ஒருத்தர் இருக்கார், அவருக்கு பேர் வச்சாச்சு.

தொடர்ச்சி நான் சொல்றேன். மூத்த பொண்ணு மரியா, அதாவது பேலாவுக்கு நிச்சயம் பண்ணி கழட்டின பொண்ணு, சித்திய பாத்தாலே ஆகாது. அவங்களுக்கு இருபத்தெட்டு வயசு கிட்ட மான்ஃபெராட் ரெனியர்னு பதினேழு வயசுப் பையன கட்டி வச்சு சீசர் பட்டம் குடுத்திருந்தாங்க. கவனிங்க, அது பேலா காலி பண்ணிட்டுப் போன பட்டம். ரெண்டு பேரும் புரோட்டோசெபாஸ்டோஸ கொல்ல சதி பண்ணி மாட்டி, ஹாகியா சோபியாவுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு தெருச் சண்டையே நடத்தினாங்க. இந்த கலாட்டாவ கருங்கடல் ஓரத்துல உட்கார்ந்து பாத்துட்டு இருந்த ஆந்த்ரோனிகோஸ், கிட்டத்தட்ட அறுபத்து நாலு வயசு, சின்ன ராஜாவ காப்பாத்த வர்றேன்னு படையோட கிளம்பினார். காப்பாத்தின லட்சணம் தெரியும்ல. 1182ல நகரத்துல இருந்த லத்தீன்காரங்கள (மேற்கு ஐரோப்பிய கத்தோலிக்கர்கள) கூட்டம் வெட்டித் தள்ளுச்சு, போப்போட தூதரையும் விடல. மூத்த மரியாவும் ரெனியரும் விஷத்துல போனாங்க. ராணியோட மரண தண்டனைல அவங்க பெத்த பையனயே கையெழுத்துப் போட வச்சார். 1183ல பையனையும் வில்லு நாணால கழுத்த நெரிச்சு கடல்ல போட்டாச்சு. அவனுக்குக் கட்டி வச்சிருந்த பிரெஞ்சு ராஜகுமாரி ஆக்னெஸ், பன்னெண்டு வயசு சுமார், இந்தக் கிழவனே கட்டிக்கிட்டான்.

அரைக்காசு:

அந்தியோக்கியா மரியா படங்களையும் விடல. அழகின்னு பேர் எடுத்தவங்க, நகரத்துல பொது இடங்கள்ல வரைஞ்சிருந்த படத்தப் பாத்தா ஜனங்க பாவம்னு நினைப்பாங்கன்னு, சுருங்கிப்போன கிழவி மாதிரி திருத்தி வரைய வச்சான். ஆளையும் கொன்னு படத்தையும் கெடுக்கணும்னா எப்படிப்பட்ட மனசு.

கல்வெட்டுக்கிறுக்கன்:

வந்துட்டேன். எல்லாரும் வேலைய பாதி முடிச்சிட்டீங்க.

ராணிமேல என்ன குத்தம் சாட்டினாங்க தெரியுமா? ஹங்கேரி ராஜா பேலாவுக்கு லெட்டர் எழுதினாங்க, பெல்கிரேடையும் பிரானிசேவோவையும் தாக்குன்னு கூப்பிட்டாங்கன்னு. தங்கச்சி புருஷன். குத்தம் நிஜமோ ஜோடிச்சதோ, அந்த நேரத்துல அவங்க உதவிக்குக் கூப்பிடக் கூடிய ஒரே ஆம்பள பேலான்னு எதிரிக்கும் தெரிஞ்சிருக்கு. பிரச்சனை என்னன்னா அவர் ஹங்கேரில எஸ்டெர்கோம்ல இருக்கார், லெட்டர் போகணும், படை திரட்டணும், டான்யூப் தாண்டணும். இதே ஆளு தங்கச்சியோட அதே அரண்மனைல நாலு தாழ்வாரம் தள்ளி இருந்திருந்தா லெட்டரே வேண்டாம்.

1180ல பேலாவுக்கு முப்பத்திரண்டு வயசு. பதினஞ்சு வயசுலேந்து கிரேக்க அரண்மனைல வளர்ந்தவர். சொந்த ஊர் மேலயே படையோட போனவர். ராணிக்கு தங்கச்சி புருஷன், பையனுக்கு சித்தப்பா. சீசர் பட்டம் ஏற்கனவே கையில. இப்படி ஒருத்தர் வீட்ல இருக்கறப்ப புரோட்டோசெபாஸ்டோஸ் எங்கேந்து வர்றான்? பச்சை மை எங்கேந்து வருது? ரெனியர் சீசரே ஆகல.

ஸ்டீபன் சாகலன்னா பேலாவுக்குப் போக இடம் இல்ல. அதனால இருப்பார். என் மொத்த வாதமும் இதுதான்.

ராத்திரிஷிஃப்ட்:

ஸ்டீபன் எப்படிச் செத்தார்? விஷம்னு எங்கயோ படிச்ச ஞாபகம்.

கல்வெட்டுக்கிறுக்கன்:

அப்படி ஒரு பேச்சு அன்னைக்கே இருந்துச்சு. ஜெர்மன் டியூக் சிங்க ஹென்றி ஜெருசலேம் யாத்திரை போற வழில எஸ்டெர்கோம்ல தங்கியிருந்தப்ப ராத்திரி ராஜா போய்ட்டார். ஆர்னால்ட்னு லூபெக் மடத்துக்காரர் எழுதினதுல விஷம் வச்சுட்டாங்கன்னு வதந்தி வருது, ஆதாரம்னு ஒண்ணும் இல்ல. திடீர்ச்சாவு, அதனாலதான் இந்தத் திருப்பம் எனக்குப் பிடிக்குது. அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் இறங்கியிருந்தா போதும், மத்த எதையும் மாத்த வேண்டாம்.

தங்கநாணயம்:

லேட்டா வர்றேன், மன்னிக்கவும். மொத்த இழையும் படிச்சேன், எல்லாரும் ஒரு ஆள மறந்துட்டீங்க. ஆந்த்ரோனிகோஸ் ஜெயிச்சது தெருக் கூட்டத்தால மட்டும் இல்ல. அவர் போஸ்பரஸுக்கு அந்தக் கரைல நின்னுட்டு இருந்தப்ப நடுவுல கப்பற்படை இருந்துச்சு, அது வழி விடலன்னா அவர் அங்கயே டென்ட் போட்டு உட்கார்ந்திருக்கணும். கப்பற்படைத் தலைவர் ஆந்த்ரோனிகோஸ் கொண்டோஸ்டெஃபனோஸ் கப்பல்களோட கட்சி மாறினார், அன்னைக்கே கதை முடிஞ்சது. அதனால கேள்வி ஒண்ணுதான், பேலா ரீஜெண்டா இருந்தா கொண்டோஸ்டெஃபனோஸ் கட்சி மாறுவாரா மாட்டாரா?

இப்ப தமாஷ் என்னன்னா, 1167ல சிர்மியம் சண்டைல ஹங்கேரிய அடிச்ச தளபதி யாரு? இதே கொண்டோஸ்டெஃபனோஸ்.

வெங்காயவடகம்:

ஐயோ.

கல்வெட்டுக்கிறுக்கன்:

சார் இத நான் யோசிக்கவே இல்ல. ஆனா அந்த சண்டை பேலாவோட சொத்துக்காக, பேலாவோட பேர்ல நடந்தது. அப்படிப் பாத்தா பேலாவுக்காக ஜெயிச்சுக் குடுத்தவரே கொண்டோஸ்டெஃபனோஸ்தான். விரோதம் இருக்கணும்னு இல்லையே. அவர் கட்சி மாறினதுக்குக் காரணம் புரோட்டோசெபாஸ்டோஸ் மேல இருந்த கடுப்பு, கப்பற்படைக்குத் தலைமை யாருக்குன்னு அவங்களுக்குள்ள தகராறு. பின்னாடி ஆந்த்ரோனிகோஸ் அவரோட கண்ணையும் பிடுங்கினான், பசங்க கண்ணையும்.

தங்கநாணயம்:

சொத்துக்காகன்னு நீங்க சொல்லலாம். படைவீரனுக்கு அது புரியுமா? அவன் எதிர்ல பாத்தது ஹங்கேரிக் கவசம். நகரத்துக் கூட்டம் 1182ல வெட்டினது லத்தீன் பேசறவன, அதுல ஜெனோவாக்காரன் பைசாக்காரன்னு பிரிச்சுப் பாக்கல. ராணி லத்தீன், அவங்க தங்கச்சி லத்தீன், சின்ன ராஜாவோட பொண்டாட்டி பிரெஞ்சு, இப்ப ரீஜெண்டும் ஹங்கேரியன்னு வச்சா ஆந்த்ரோனிகோஸுக்கு நீங்க கோஷத்த அச்சடிச்சே குடுக்கறீங்க. சத்தியம் வாங்கின சபைல சொன்னத அப்படியே திருப்பிச் சொன்னா போதும், பாத்தீங்களா நான் அன்னைக்கே சொன்னேன்னு.

புரோட்டோசெபாஸ்டோஸாவது கொம்னெனோஸ்.

நடுக்கடல்:

ஒரு எதிர்வாதம் சார். பேலா லத்தீன்னு அங்கே அப்படி முத்திரை குத்தினாங்களா? ஹங்கேரிலயே இவர கிரேக்கன்னுதான் பாத்தாங்க. 1172ல போனப்ப எஸ்டெர்கோம் ஆர்ச்பிஷப் லூகாச் முடி சூட்டவே மறுத்துட்டார், பத்து மாசம் கழிச்சு 1173 ஜனவரில போப் அலெக்சாண்டர் தலையிட்டு கலோச்சா ஆர்ச்பிஷப்ப வச்சு சூட்டினாங்க. பெத்த அம்மாவே சின்னப் பையன் கேசா பக்கம். அங்க போனா கிரேக்கன், இங்க இருந்தா லத்தீன். எங்க சித்தப்பா பம்பாய்ல முப்பது வருஷம் இருந்துட்டு வந்தார், அதே கதைதான்.

அரைக்காசு:

நான் என் கட்சிக்கு ஆள் சேர்க்கறேன். பையன் பொறக்காத கதைல ஒரு லாபம் இருக்கு, யாரும் சொல்லல. நிச்சயம் முறிஞ்ச அப்புறம் மரியாவ என்ன பண்ணினாங்க? சிசிலியோட ரெண்டாம் வில்லியமுக்குப் பேசினாங்க. 1172ல மாப்பிள்ளை டரான்டோ வரைக்கும் வந்து கடற்கரைல காத்துட்டு இருந்தார், பொண்ணு வரவே இல்ல. சொல்லி அனுப்பக் கூட இல்ல. அதே வில்லியம்தான் 1185ல படை அனுப்பி தெசலோனிகாவ சூறையாடினார். அந்த பயத்துலதான் தலைநகர்ல கலவரம் வந்து ஆந்த்ரோனிகோஸ் ஒழிஞ்சு ஐசக் ஏஞ்சலோஸ் வந்தார். பேலா மரியாவ கட்டியிருந்தா டரான்டோ அவமானம் கிடையாது.

வெங்காயவடகம்:

பொண்ணு வரலன்னு பதிமூணு வருஷம் கழிச்சு ஒரு ஊர எரிப்பாங்களா தம்பி? நார்மன்காரங்களுக்கு அந்தக் கரை மேல நூறு வருஷமா கண்ணு. ராபர்ட் கிஸ்கார்ட் 1081லயே படையோட வந்தாச்சு. 1185ல வந்தது, கோட்டை உள்ளேந்து இடியறத பாத்துட்டு வந்தது. உள்ளே ஆள் இருந்தா வந்திருக்க மாட்டான்.

இன்னொண்ணு, அந்த மரியாவுக்கும் பேலாவுக்கும் ஆறு வருஷம் நிச்சயம். பதினொண்ணுலேந்து பதினேழு வயசு வரைக்கும் இவன்தான் புருஷன், நீ பேரரசின்னு சொல்லி வளர்த்துட்டு, ஒரு தம்பி பொறந்ததும் அவன சித்தியோட தங்கச்சிக்கே கட்டி வச்சா எப்படி இருக்கும்? கல்வெட்டு, உங்க கதைல பேலா அரண்மனைலயே இருக்கார், நாலு தாழ்வாரம் தள்ளி. அதே தாழ்வாரத்துல மரியாவும் இருக்காங்க. தினமும் அந்த மூஞ்சிகள பாக்கணும். அவங்க முதல் சதி புரோட்டோசெபாஸ்டோஸ் மேல இருக்காது, பேலா மேலதான் இருக்கும், அதுவும் பயங்கரமா இருக்கும். ஆந்த்ரோனிகோஸுக்கு லெட்டர் போட்டு வரச்சொன்னதே அவங்கதான்.

கல்வெட்டுக்கிறுக்கன்:

இது வலிக்குது அக்கா. இதுக்கு பதில் இல்ல.

ராத்திரிஷிஃப்ட்:

ஒரு முட்டாள்தனமான கேள்வி. கண்ணு பிடுங்கறது பிடுங்கறதுன்னு எல்லாரும் சொல்றீங்களே, கண்ணு போனா ராஜா ஆக முடியாதுன்னு ரூலா?

தங்கநாணயம்:

எழுதின ரூல் இல்ல, நடைமுறை. முழுசா இருக்கற ஆளுதான் பேரரசர் ஆக முடியும்னு நம்பிக்கை, அதனால கொல்லாம ஒதுக்கறதுக்கு சுலபமான வழி. ஆனா பேலாவோட தாத்தாவே குருடர். ரெண்டாம் பேலா, சின்ன வயசுல அப்பா ஆல்மோஷோட சேத்து கண்ணு பிடுங்கிட்டாங்க, சிம்மாசனம் கேக்கக் கூடாதுன்னு. ஹங்கேரில அவர் அப்படியே ராஜா ஆனார். அந்த ஆல்மோஷ் தப்பிச்சு ஓடி வந்த ஊர் எது தெரியுமா, பைசாண்டைன். அங்க அவருக்கு வச்ச பேர் கான்ஸ்டன்டைன். வெளியூர்க்காரன் வந்தா மொதல்ல பேர மாத்தறது பழைய பழக்கம்.

பைசாண்டைன்லயும் ஒரு தடவ அந்த ரூல மீறினாங்க. ஐசக் ஏஞ்சலோஸோட கண்ண 1195ல கூடப்பொறந்த அண்ணனே பிடுங்கி ஜெயில்ல போட்டான், 1203ல சிலுவைப்படை வாசல்ல நின்னப்ப அவர வெளில கொண்டு வந்து மறுபடி நாற்காலில உட்கார வச்சாங்க. அடுத்த வருஷமே எல்லாம் போச்சு.

நடுக்கடல்:

ஐசக் ஏஞ்சலோஸ்னதும் ஞாபகம் வந்துச்சு, அவர் கட்டினதும் பேலாவோட பொண்ணுதான், மார்கரெட், பத்து வயசு இருக்கும். அந்தக் கல்யாணச் செலவுக்காக ஆடு மாடுக்கு வரி போட்டாங்க, பால்கன் மலைக்காரங்க கொதிச்சுட்டாங்க. பீட்டர், ஆசென்னு ரெண்டு அண்ணன் தம்பி வந்து கிப்செலால ராஜாவ பாத்து ஒரு சின்ன நிலம் மானியமா கேட்டாங்க, குடுக்கல. ஆசென் கொஞ்சம் துடுக்கா பேசிட்டான், கன்னத்துல அறைஞ்சாங்க. அந்த அறைலேந்துதான் பல்கேரியா தனி நாடு. கல்வெட்டோட கதைல பேலா உள்ளயே இருக்கறதால அந்தக் கல்யாணம் கிடையாது, வரி கிடையாது, அறை கிடையாது.

அதோட 1181லேந்து பேலா டால்மேஷியாவ எடுத்து, சிர்மியத்த எடுத்து, செர்பியா நெமான்யாவோட சேந்து நிஷ், சோஃபியா வரைக்கும் வந்தாரே, அதுவும் கிடையாது. சோஃபியாலேந்து ரிலா புனிதர் இவானோட எலும்பையே எஸ்டெர்கோமுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. இப்படி ஒருத்தர் எங்களுக்குத் தெரியாதேன்னு ஆர்ச்பிஷப் சொன்னாராம், வாய் அடைச்சு ஊமை ஆயிட்டாராம், மன்னிப்பு கேட்டதும் பேச்சு வந்துச்சாம்னு ஒரு கதை. 1187ல திருப்பி அனுப்பிட்டாங்க.

அரைக்காசு:

அந்த மார்கரெட் கதைய முடிங்க, பாதில விடாதீங்க. 1204ல நகரம் விழுந்த அப்புறம் விதவையா நின்ன அவங்கள கட்டினது யாரு? சிலுவைப்படைத் தலைவன் மான்ஃபெராட் போனிஃபேஸ். ஆந்த்ரோனிகோஸ் விஷம் வச்சுக் கொன்ன ரெனியரோட அண்ணன். பேலாவோட சீசர் பட்டத்த வாங்கினவனோட அண்ணன் பேலாவோட பொண்ண கட்டி தெசலோனிகால ராஜா ஆனான். நான் எழுதியிருந்தா ஓவர்னு சொல்லியிருப்பீங்க.

தங்கநாணயம்:

கல்வெட்டு, கடைசியா ஒண்ணு கேட்டுட்டு தூங்கப் போறேன். ஸ்டீபன் 1172ல சாகல. சரி. எப்ப சாவார்? நிஜத்துல அவருக்கு உயிரோட பிள்ளை இல்ல. அவர் 1175ல செத்தா பேலா அப்பவே கிளம்பிடுவார், உங்க கதை மூணு வருஷம் லேட், அவ்ளோதான். 1181ல செத்தா? தலைநகர்ல சித்திக்கும் மூத்த பொண்ணுக்கும் சண்டை, பதினோரு வயசுப் பையன், கருங்கடல் ஓரத்துல கிழவன். ஹங்கேரிலேந்து தூதர்கள் வந்து வாங்க முடி ரெடின்றாங்க. பேலா என்ன பண்ணுவார்?

கல்வெட்டுக்கிறுக்கன்:

ரெண்டு நாள் கழிச்சு பதில் போடறேன், நிஜமாவே யோசிச்சேன்.

மொதல்ல 1172ல என்ன பண்ணினார்னு பாத்தேன். மானுவேல் சோஃபியா வரைக்கும் கூட வந்தார், பேலா அங்க சத்தியம் பண்ணினார், பேரரசோட நலனுக்கு எதிரா எதுவும் பண்ண மாட்டேன்னு. மானுவேல் உயிரோட இருந்த எட்டு வருஷமும் அந்த வார்த்தைய மீறல. அவர் செத்த மறு வருஷமே டால்மேஷியால கை வச்சார். அதாவது சத்தியம் ராஜ்ஜியத்துக்கு இல்ல, மானுவேல்ங்கற ஆளுக்கு. சின்ன அலெக்சியோஸுக்கு அதுல பங்கு கிடையாது.

அப்புறம் 1184ல ஆக்னெஸ் இறந்த உடனே மானுவேல் குடும்பத்துப் பொண்ணு தியோடோராவ கட்டிக்கறேன்னு கேட்டார், அவங்க கன்னியாஸ்திரி ஆயிட்டதால சபை விடல. சிம்மாசனத்துக்கு மறுபடி ஒரு கயிறு போட்டுப் பாத்தார்னுதான் பலரும் சொல்றாங்க. விடலன்னதும் பிரான்ஸ் பக்கம் திரும்பி 1186ல ஏழாம் லூயியோட பொண்ணு மார்கரெட்ட கட்டினார். சின்ன அலெக்சியோஸோட விதவை ஆக்னெஸுக்கு அவங்க அக்கா முறை. எத்தன தடவ சுத்தினாலும் அந்த அரண்மனை வாசல்லதான் வந்து நிக்கறார்.

அதனால 1181ல தூதர்கள் வந்தா போவார் சார். போய் முடிய வாங்கிட்டு, ஹங்கேரிப் படையோட திரும்பி வருவார், ராணிக்கும் பையனுக்கும் உதவின்னு சொல்லிக்கிட்டு. நிஜத்துல வந்த மாதிரியே, ஆனா இந்தத் தடவ சீசரா, உள்ளே ஆள் வச்சுக்கிட்டு. கொண்டோஸ்டெஃபனோஸ் கப்பல்ல நின்னுட்டு ஒரு கரைல ஆந்த்ரோனிகோஸையும் இன்னொரு கரைல பேலாவையும் பாப்பார். யார் பக்கம் போவார்னு என்னால சொல்ல முடியல.

பையன் ரெண்டு பேர்ல யார்கிட்ட பிழைப்பான்னும் சொல்ல முடியல. ஆரம்பத்துல பேலாகிட்டன்னு ரொம்ப நம்பிக்கையா இருந்தேன்.

வெங்காயவடகம்:

கேசான்னு சொந்தத் தம்பிய எத்தன வருஷம் ஜெயில்ல வச்சார்னு பாத்துட்டு சொல்லுங்க.

கல்வெட்டுக்கிறுக்கன்:

பாத்துட்டேன் அக்கா. ஆனா கொல்லல, கண்ணையும் எடுக்கல.

ராத்திரிஷிஃப்ட்:

இவர் எலும்பு கிடைச்சிருக்காமே, நிஜமா?

நடுக்கடல்:

ஆமா, 1848 டிசம்பர்ல செகெஷ்ஃபெஹர்வார்ல தோண்டினப்ப. பக்கத்துல ஆக்னெஸும். அரசர்கள் புதைச்ச அந்த ஊர்ல கலையாம கிடைச்ச ஜோடி இவங்கதான், வெள்ளி முடியோட. இப்ப புடாபெஸ்ட் மத்தியாஸ் சர்ச்ல இருக்காங்க. ஆளு கிட்டத்தட்ட 190 சென்டிமீட்டர். பிரபுக்கள் எல்லாம் வரிசையா வந்து சத்தியம் பண்ணினப்ப அந்தச் சின்ன வயசுலயே அவங்க தலைக்கு மேல தெரிஞ்சிருப்பான்னு நினைக்கறேன்.